கணித வகுப்பில் கருவியின் இடம்

பள்ளிகளில் கணிதம் போதிப்பதற்கு இயந்திர சாதனங்களைத் துணைக்கொள்ள வேண்டும் என்னும் கருத்துப் புதியதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் அக்காலத்தில் கைக்கெட்டிய புதுச் சாதனம் எதுவோ, அதுவே வகுப்பறையின் குறைகள் யாவற்றையும் போக்கிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வானொலி, டெலிவிஷன், செயற்கைக் கோள் என்று மாறி மாறி நின்ற அந்த எதிர்பார்ப்பு இப்பொழுது கணிப்பொறியின் மீதும் கைப்பேசியின் மீதும் வந்து தங்கியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் நியாயமானது, எந்த நிபந்தனையின்கீழ்ப் பலிக்கக்கூடியது என்பதை ஆசிரியர்களும் கள ஊழியர்களும் ஆராய்வதற்கு மைசூர் நகரின் அனுபவம் பெரிதும் பயன்படும்.

1935ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக் கழகத்து உளநூல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அந்நிலையம் பூண்ட 'ஆகாசவாணி' என்னும் பெயர் பின்னர் அகில இந்திய வானொலிக்கே உரியதாயிற்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு நாட்டின் நான்கு பகுதிகளில் ஆசிரியர் கல்லூரிகளை நிறுவத் தொடங்கியபோது, தென்னாட்டுக்குரிய கல்லூரி 1963ஆம் ஆண்டில் மைசூரில் தோன்றியது. மண்டலக் கல்வி நிறுவனம் என்று இப்பொழுது வழங்கும் அதற்குத் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களும் புதுச்சேரியும் இலட்சத்தீவும் உட்பட்டவை. 1969ஆம் ஆண்டில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அந்நகரிலேயே அமைக்கப்பட்டது. ஆசிரியர் பயிற்சியும் மொழியாராய்ச்சியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து அமைந்திருப்பது கணிதக் கல்விக்கு எவ்வாறு பொருந்தும் என்பது பின்னர் விளங்கும்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. கர்நாடகத்தில் ராய்ச்சூர், குல்பர்கா, பிஜாப்பூர்ப் பகுதிகள் இத்திட்டத்தில் சேர்ந்திருந்தன. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக்கொண்டு பத்தடி அகலத்தில் செய்த கிண்ணங்கள் வானிலிருந்து வந்த அலைகளை ஏற்றன. ஓராண்டு முடிந்ததும் அந்தக் கோள் வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. அதனுடன் நேரடி ஒளிபரப்பும் நின்றது. 1984ஆம் ஆண்டில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் அறிவு புகட்டும் மத்திய அரசாங்கத் திட்டம் 'பி.பி.சி. மைக்ரோ' என்ற பிரிட்டிஷ் பொறியுடன் தொடங்கிற்று. 2004 செப்டம்பர் 20ஆம் நாள் கல்விக்கென்றே ஏவப்பட்ட 'எடுசாட்' கோளின் பாடங்கள் சாமராஜநகர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. 1997ஆம் ஆண்டு வரை அது மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அக்கோளின் சேவையும் 2010ஆம் ஆண்டில் முடிவுற்றது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது பாடங்களை ஒளிபரப்பிற்று.

இவற்றுள் எதனையும் வீண் முயற்சி என்று தள்ளுவது முறையன்று. ஆசிரியரே இல்லாத இடத்துக்கு ஒரு நல்லாசிரியரின் குரல் சென்று சேர்வது சிறிய காரியமன்று. ஆயினும், இவை பெரும்பாலும் ஒருவழிச் சாதனங்கள். வரலாறும் சுகாதாரமும் கேட்டும் பார்த்தும் ஓரளவு கற்கத்தக்கவை. கணிதமோ நீச்சலைப் போன்றது. கரையில் அமர்ந்து பார்த்தவன் நீந்தக் கற்றதில்லை. ஆகவே, ஒரு கருவியைக் கணித வகுப்பினுள் அனுமதிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, அது எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதன்று. மாணாக்கனை எதனைச் செய்யச் சொல்கிறது என்பதேயாகும்.

இக்கருத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சம நீளமுள்ள நான்கு மூங்கில் குச்சிகளை எடுத்து, சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளை மூலைகளில் செருகி இணைத்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அதனை ஒருபுறம் சாய்த்தால் சாய்சதுரம் ஆகிறது. பக்கங்கள் நான்கும் மாறவில்லை. பரப்பு மாறிற்றா? இக்கேள்வியை எட்டாம் வகுப்பில் எழுப்பினால், பக்கங்கள் மாறாதபோது பரப்பு மட்டும் எவ்வாறு மாறும் என்று பலர் எதிர்க்கேள்வி கேட்பர். அவர்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நாற்புறம் உள்ள நிலத்தின் எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பரப்பு என்று சொல்லும் வழக்கம் மிகப் பழமையானது. 628ஆம் ஆண்டில் நூல் இயற்றிய பிரமகுப்தர் இம்முறையைத் தோராயமானது என்றே வகுத்து, நுட்பமான முறையைத் தனியே கூறியிருக்கிறார். தோராயம் என்னும் எச்சரிக்கை காலப்போக்கில் உதிர்ந்துபோக, விதி மட்டும் வரப்பின்மேல் நிலைத்துவிட்டது.

பக்கத்துக்கு 33 அடியுள்ள சதுர நிலம் 1,089 சதுர அடி. கர்நாடகத்தில் அது ஒரு குண்டா எனப்படும். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். அதே 33 அடிப் பக்கங்களுடன் நிலம் ஒரு மூலையில் 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் பரப்பு ஏறத்தாழ 943 சதுர அடியே. 30 பாகைக்குச் சாய்ந்தால் பாதியாகிவிடும். வரப்புக் கணக்கோ மூன்றுக்கும் 1,089 என்றே சொல்லும். நிலத்தை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும், விதையும் உரமும் கணக்கிடும் விரிவாக்க ஊழியருக்கும் இவ்வேற்றுமை ஏட்டுச் சுரைக்காய் ஆகாது.

பரப்பு குறைகிறது என்பதைக் குச்சிகளே காட்டிவிடும். முற்றிலும் மடக்கினால் உள்ளே இடமே இராதன்றோ? அதுவரை கணிப்பொறி தேவையில்லை. அதற்கு மேல்தான் அதன் வேலை தொடங்குகிறது. 'ஜியோஜீப்ரா' என்னும் இலவச மென்பொருள் ஆஸ்திரியா நாட்டு சால்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவரின் பட்டமேற்படிப்பு முயற்சியாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் பலருக்கு இதில் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறது. பக்க நீளங்களை நிலைப்படுத்தி, சாய்சதுரத்தின் ஒரு முனையைத் திரையில் பிடித்து இழுத்தால், கோணமும் மூலைவிட்டங்களும் பரப்பும் கணந்தோறும் மாறுவதை எண்களாகவே அது காட்டும். ஒரு மூலைவிட்டத்தின் நீளத்துக்கு எதிராகப் பரப்பை வரைந்தால் ஒரு வளைகோடு எழும்பித் தாழும். உச்சி எங்கே? சதுரத்தில். ஏன் சதுரத்தில்?

இந்த 'ஏன்' என்பதற்குத் திரை விடை கூறாது. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை எப்பொழுதும் 33-இன் வர்க்கத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது 4,356. பரப்பு அவற்றின் பெருக்கற்பலனில் பாதி. இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதிச் சற்றே இயற்கணிதம் செய்தால், பரப்பானது 1,089-இலிருந்து மூலைவிட்டங்களின் வேற்றுமையுடைய வர்க்கத்தில் காற்பங்கைக் கழித்தால் கிடைப்பது என்று வெளிப்படும். வேற்றுமை இல்லாதபோது கழிப்பதற்கு ஒன்றுமில்லை; அப்பொழுது உருவம் சதுரம். ஒரே பாடத்தில் குச்சியும் திரையும் சுண்ணக்கட்டியும் தத்தம் வேலையைச் செய்கின்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் வேலையை மேற்கொள்ளும்போதுதான் பாடம் கெடுகிறது.

திரையினால் வரும் கேடு அதன் தெளிவிலேயே இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். முக்கோணம் ஒன்றை நூறு விதமாக இழுத்துக் காட்டி, மூன்று கோணங்களின் தொகை எப்பொழுதும் 180 பாகை என்று கண்ணாரக் கண்டபின், அதற்கு நிரூபணம் வேண்டும் என்ற ஆவல் மாணாக்கனுக்கு எழுவது கடினம். கண்டதைக் காரணம் என்று கொண்டுவிடுகிறான். ஆனால், கருவியே சில வேளைகளில் ஆசிரியருக்கு உதவுகிறது. இரண்டு தசம இடங்கள்வரை காட்டும்படி அமைத்தால், 45.33, 67.33, 67.33 என்ற கோணங்கள் திரையில் தோன்றக்கூடும். கூட்டினால் 179.99. மலிவான எட்டு இலக்கக் கால்குலேட்டரில் ஒன்றை மூன்றால் வகுத்து மீண்டும் மூன்றால் பெருக்கினால் பெரும்பாலும் 0.9999999 என்று வரும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரோ 1 என்று காட்டும். எது சரி, மற்றது ஏன் தவறியது என்று வகுப்பைக் கேட்கும் ஆசிரியர், மின்னணுச் சாதனத்தின் மிகச் சிறந்த உபயோகத்தைக் கண்டவராவார். இக்கேள்விக்கு மடிக்கணினி வேண்டியதில்லை. கடைத்தெருவில் கிடைக்கும் கால்குலேட்டரே போதும். இயந்திரம் பிழைபடும் இடத்தை மறைத்துச் செல்லும் பயிற்சி முகாம்கள் இந்த வாய்ப்பை இழந்துவிடுகின்றன.

இது வெறும் அபிப்பிராயம் என்று கொள்வோருக்கு ஆராய்ச்சிகளும் சான்று கூறும். குஜராத்தில் வடோதராப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளைக் கணிப்பொறியில் ஆடிய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் நன்கு முன்னேறினர் என்று 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. திட்டம் நின்ற ஓராண்டில் அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. அடுத்த ஆண்டில் லீ லிண்டன் என்பவர் வெளியிட்ட மற்றொரு குஜராத் ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. ஆசிரியர் நடத்தும் வகுப்பு நேரத்தை எடுத்துக் கணிப்பொறிக்கு அளித்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினர். வகுப்பு முடிந்தபின் கூடுதலாக அளித்த இடத்தில் முன்னேறினர். பொறி ஒன்றே, பாடமும் ஒன்றே. ஆசிரியரை விலக்கி வைத்ததும், அவருக்குத் துணையாக வைத்ததுமே வேறுபாடு. பள்ளிக்குக் கணிப்பொறி வந்து இறங்கியவுடன் கால அட்டவணையில் கணக்குப் பாடவேளையைக் குறைக்க முற்படும் நிர்வாகிகள் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

மைசூர்ப் பயிற்சி நிறுவனத்துக்குரிய தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது மொழியைப் பற்றியது. நான்கு மொழிகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரே அறையில் கூடினால் பொதுமொழி ஆங்கிலமாக அமைவது இயல்பே. மென்பொருளின் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே கற்கப்படுகின்றன. பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியர் கருவியை ஆங்கிலத்திலும் கணிதத்தைத் தாய்மொழியிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும் சொற்கள் இன்றி நிற்கிறார். விளைவு யாதெனின், இழுப்பது மௌனமாக நிகழ்கிறது. பிள்ளைகளும் மௌனமாகப் பார்க்கின்றனர்.

இக்குறையையே ஒரு வளமாகவும் மாற்றலாம். மேற்கூறிய உருவத்துக்கு ஆங்கிலத்தில் 'ராம்பஸ்' என்று பெயர். அச்சொல் நம் பிள்ளைகளுக்கு எதையும் உணர்த்துவதில்லை. கன்னடத்தில் அது 'வஜ்ராகிருதி', அதாவது வைர வடிவம். தோற்றத்தைக் கூறும் பெயர். மலையாளத்தில் 'சமபுஜ சாமாந்தரிகம்', அதாவது பக்கங்கள் சமமான இணைகரம். இலக்கணத்தைக் கூறும் பெயர். தமிழில் 'சாய்சதுரம்', அவ்வுருவம் எவ்வாறு பிறந்தது என்பதையே கூறும் பெயர். குச்சிச் சதுரத்தைச் சாய்த்துக் காட்டும் பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மைசூர் அறையில் மூன்று மாநிலத்து ஆசிரியர்கள் தத்தம் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் உருவத்தின் எந்தப் பண்பைப் பற்றி நிற்கிறது என்று அரைமணி நேரம் விவாதித்தால், அது மென்பொருளின் பத்துக் கட்டளைகளைக் கற்பதைவிட மேலான பயிற்சியாகும். கலைச்சொல் என்பது அகராதி தொகுப்போரின் கவலை மட்டுமன்று. திரையில் கண்டதைத் தன் வாயால் சொல்ல இயலாத மாணாக்கன் அதனைக் கற்றான் என்று கொள்வதற்கில்லை.

இப்பொழுது இச்சிக்கல் மேலும் கடுமையாகியிருக்கிறது. கணக்கைக் கைப்பேசியில் படமெடுத்தால் படிப்படியாக விடை எழுதிக் காட்டும் செயலிகள் வந்துவிட்டன; தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்கம் தரும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களும் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றன. அவற்றைத் தடை செய்துவிடலாம் என்று கருதுவோர் உளர். பள்ளியின் வாயிலைத் தாண்டி அத்தடை செல்லாது. தேர்வுத்தாள் விடையை மட்டும் கேட்கும்வரை, விடையை மட்டும் தரும் பொறியிடம் மாணாக்கன் செல்லத்தான் செய்வான். குறை பொறியினிடமா, வினாத்தாளினிடமா? சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனத்து அறிஞர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்து, 2006ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட தேசியக் குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று வகுத்தது. கணக்கைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவதையும், தேர்வுமுறை இயந்திர ரீதியான கணக்கிடலையே ஊக்குவதையும் அக்குழு எடுத்துக்காட்டிற்று. அந்த எச்சரிக்கையின் முழுப் பொருளும் இச்செயலிகள் வந்த பின்னரே பலருக்கு விளங்கும்போலும். 'இவ்விடை ஒன்றில் பிழை இருக்கிறது, கண்டுபிடி' என்றும், 'பக்கத்தை இரட்டித்தால் எது மாறும், எது மாறாது, ஏன்' என்றும் கேட்கும் வினாத்தாளைத் தயாரிப்பது கடினம். திருத்துவது அதனினும் கடினம். அதற்குரிய காலத்தை ஆசிரியருக்கு அளிக்காமல் கருவியை மட்டும் அளிக்கும் திட்டம் பாதித் திட்டமேயாகும்.

கருவி என்றவுடன் மின்சாரத்தை நினைப்பதும் அண்மைக்காலப் பழக்கமே. கும்பகோணத்தில் பயின்று, சென்னை மாகாண வருவாய்த் துறையில் டிப்டி கலெக்டராகப் பணியாற்றிய டி. சுந்தரராவ் 1893ஆம் ஆண்டில் காகித மடிப்பினால் வடிவகணிதம் பயில்வதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகள் பள்ளியின் வண்ணக் காகித விளையாட்டிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் தோன்றிற்று. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதனைச் சுட்டிக் காட்டியதால், 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அது அச்சாயிற்று. சென்னையில் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிந்த பி. கே. சீனிவாசன் அட்டை, நூல், நாட்காட்டி முதலிய எளிய பொருள்களைக்கொண்டே கணிதக் கண்காட்சிகளை நடத்தி வந்தார். தாளை மடிக்கும் பிள்ளை அடுத்த மடிப்பு எங்கே விழும் என்று முன்கூட்டி நினைத்தாக வேண்டும். கணிப்பொறியை இயக்கும்போதும் இந்த ஒரு நியதியைக் கைக்கொள்வது எளிது. முனையை இழுக்குமுன், நிகழப்போவது யாது என்று ஒவ்வொருவரும் ஏட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரே பொறி இருந்தாலும் இது நடைபெறும். நாற்பது பொறிகள் இருந்தும் இது நடைபெறாத வகுப்புகள் உண்டு.

கள ஊழியர்கள் இதில் செய்யக்கூடிய உதவி ஒன்றிருக்கிறது. சாய்சதுரம் எளிதில் குலைகிறது. மூன்று குச்சிகளாலான முக்கோணமோ அசைவதில்லை. நில அளவை முழுவதும் இந்த உறுதியின்மீது நிற்கிறது. 1799ஆம் ஆண்டுக்குப்பின் மைசூர் நாட்டை அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் 1800ஆம் ஆண்டில் பெங்களூர் அருகே ஒரு அடிக்கோட்டை அளந்து பயின்று, 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய மாபெரும் அளவை, முக்கோணங்களால் ஆன சங்கிலியே. தமிழ்நாட்டில் ஒவ்வொரு புலத்துக்கும் உரிய புலப்படத்திலும் மூலைவிட்டமும் அதிலிருந்து எடுத்த செங்குத்துத் தூரங்களும் குறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. கிராமப்புறப் புலங்களுக்கு இப்படங்களை இணையத்திலும் பெறலாம். ஊரில் உள்ள நில அளவையாளரோ, வேளாண் விரிவாக்க ஊழியரோ, பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு புறம்போக்கு நிலத்தின் புலப்படத்தைக் கணித ஆசிரியரிடம் சேர்ப்பிக்கலாம். பரப்பு எவ்வளவு இருக்கும் என்று வகுப்பு முதலில் கண்ணளவாகச் சொல்லட்டும். பின்னர் எதிர்ப் பக்கங்களின் சராசரியால் ஒருமுறையும், மூலைவிட்டத்தால் பிரித்த முக்கோணங்களால் ஒருமுறையும் கையால் கணக்கிடட்டும். அதன்பின் அளவுகளைக் கணிப்பொறியில் இட்டு வரைந்து, அது தரும் பரப்பை ஹெக்டேரிலும் ஏக்கரிலும் எழுதி, வருவாய்ப் பதிவேட்டில் உள்ள விஸ்தீரணத்துடன் ஒப்பிடலாம். நான்கு எண்களும் ஒத்துவராவிடின், பிழை அளந்ததிலா, கணக்கிட்டதிலா, பதிவு செய்ததிலா என்று துருவிப் பார்ப்பதை அடுத்த வாரத்துப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.